வெட்டுப்புள்ளியை யாரும் போடுவதில்லை: கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து சில மாதங்கள் கழித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" அதற்கு அடுத்த கேள்வி கொஞ்சம் சூடாக வரும். கொழும்பில் படித்த பிள்ளைக்கு இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் எண்) 1.9, மன்னாரில் படித்த மச்சாளுக்கு 1.6 என்று வைத்துக்கொள்வோம். மச்சாளுக்கு மருத்துவம் கிடைத்துவிட்டது, கொழும்புப் பிள்ளைக்கு இல்லை. "இது என்ன கணக்கு?"

கணக்கு இருக்கிறது. அது ஒளித்துவைத்த கணக்கும் அல்ல, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் அச்சாகியே இருக்கிறது. ஆனால் அந்த நூல் விதிகளைச் சொல்லும், விதிக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரியாதபோது வதந்தி அந்த இடத்தை நிரப்பும். கொழும்புப் பல்கலைக்கழகத்தைக் கனவாக வைத்திருக்கும் குடும்பங்களுக்காக, அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், கொழும்புப் பல்கலைக்கழகம் என்பது எது?

இதன் வயதைச் சொல்லும்போது ஆளுக்கொரு ஆண்டு சொல்வார்கள். எல்லாமே ஒருவகையில் சரி. 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய மருத்துவ பீடத்தின் வேர். 1921இல் கல்லூரி இல்லம் எனப்படும் பழைய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அது தானாகப் பட்டம் கொடுக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்கே தோற்றினார்கள். 1942இல் மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். 1952இல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி பேராதனைக்குப் போனது. கொழும்பு 1967இல் தனிப் பல்கலைக்கழகமானது, 1972இல் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக மாறியது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மறுபடி தனித்து நின்றது. "கம்பஸ்" என்ற சொல் இன்னும் நம் நாக்கில் நிற்பதற்கு அந்த வளாகக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கதையில் நம்மவர் பங்கு பலருக்குத் தெரியாது. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் கூட்டி வாதாடியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தமிழுக்கான முதல் பேராசிரியராக 1943இல் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலானந்தர். பேராதனை வளாகம் எழும்பாத காலம் அது. அவர் பாடம் சொன்னது கொழும்பில்தான்.

சரி, வரலாறு போதும். விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு உடனே தேவைப்படுவது வேறு ஒரு தகவல். கொழும்புப் பல்கலைக்கழகம் என்றதும் ரீட் அவென்யூவும் பழைய கட்டடங்களும் பெரிய மரங்களும்தான் கண்முன் வரும். கலை, விஞ்ஞானம், சட்டம், முகாமைத்துவம், கணினிக் கல்லூரி எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ் பிடித்தால் வாசலருகே இறங்கலாம். மருத்துவ பீடம் அங்கே இல்லை, தேசிய வைத்தியசாலையை ஒட்டிக் கின்சி வீதியில் இருக்கிறது. தொழில்நுட்ப பீடம் ஹோமாகமவில் பிட்டிபனையில் இருக்கிறது. சுதேச மருத்துவம் இராஜகிரியவில், ஸ்ரீபாலி வளாகம் ஹொரணையில். "கொழும்பு கிடைத்தது" என்று இனிப்புக் கொடுத்த வீடு, அடுத்த வாரம் ஹொரணைக்குப் போகும் பஸ்ஸை விசாரிப்பது உண்டு.

இன்னொன்று: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் கிடையாது. பொறியியல் படிக்க வேண்டுமானால் மொரட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற வேறு இடங்களைத்தான் பார்க்க வேண்டும். கணிதப் பிரிவுப் பிள்ளையின் பெற்றோர் சிலர் இதைப் படிவம் நிரப்பும் இரவில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தகுதி வேறு, தெரிவு வேறு

ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் குறைந்தது சாதாரண சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் (உயர்தரத்தோடு எழுதும் பொது அறிவுத் தாள்) குறைந்தது 30 புள்ளி. இது இரண்டும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும். பெறுபேற்றுத் தாளைப் பார்த்து "கம்பஸுக்குத் தகுதி" என்று சொல்வது இதைத்தான். அண்மைய ஆண்டுகளில் இப்படித் தகுதி பெறுவோர் 1,60,000க்கும் மேல். அரச பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இடமோ 40,000 சொச்சம். நாலு பேர் தகுதி பெற்றால் ஒருவருக்குத்தான் நாற்காலி. யாருக்கு என்று தீர்மானிக்கும் வேலையை இசட் புள்ளியும் மாவட்டப் பங்கீடும் சேர்ந்து செய்கின்றன.

இசட் புள்ளி: எத்தனை எடுத்தாய் என்று கேட்காது

2000ஆம் ஆண்டு வரை கணக்கு எளிது. எடுத்த புள்ளிகளைக் கூட்டு, கூடின மொத்தம் உள்ளவர் முன்னே. இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இலகுவான பாடம் எடுத்தவரும் கடினமான பாடம் எடுத்தவரும் ஒரே தராசில் நின்றார்கள். இணைந்த கணிதத்தில் 75 எடுப்பதும், பலர் 75 எடுக்கும் இன்னொரு பாடத்தில் 75 எடுப்பதும் ஒன்றாகுமா? நான்கு பாடம் மூன்றாகக் குறைக்கப்பட்ட கையோடு, 2001இலிருந்து இசட் புள்ளி வந்தது.

அதன் கேள்வி வேறு. "எத்தனை எடுத்தாய்?" என்று கேட்காது. "இந்தப் பாடத்தை எழுதிய எல்லோருக்கும் நடுவில் நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கும். செய்யும் முறை இது:

1. ஒரு பாடத்தை எழுதிய அனைவரின் சராசரியையும், புள்ளிகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலையும் கணக்கிடுவார்கள்.
2. பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பார்கள். அதுதான் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி.
3. மூன்று பாடத்துக்கும் வந்ததைக் கூட்டி மூன்றால் வகுத்து, நாலு தசம தானத்தில் எழுதுவார்கள்.

கற்பனை எண்களோடு பார்த்தால் தெளிவாகும். ஒரு பாடத்தில் சராசரி 38, நியம விலகல் 22. அதில் 75 எடுத்தவருக்கு 37ஐ 22ஆல் வகுத்தால் 1.6818. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 14. அதிலும் 75தான் எடுத்தார். 20ஐ 14ஆல் வகுத்தால் 1.4286. ஒரே 75. இரண்டாவதில் கூட்டமே மேலே நின்றதால், அங்கே 75க்கு மதிப்புக் குறைவு. சராசரிக்குக் கீழே போனால் இசட் புள்ளி கழித்தல் குறியோடு வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, சராசரிக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள்.

இதிலிருந்து வரும் இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும். வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும்தான் கடினம். சராசரியும் கூடவே இறங்கும். "இந்த முறை கெமிஸ்ட்ரி பேப்பர் கொன்றுவிட்டது" என்று ரியூசன் வாசலில் அழுத பிள்ளைக்கு நல்ல இசட் வருவது அதனால்தான். இரண்டாவது, போன ஆண்டு 1.9 எடுத்தவரையும் இந்த ஆண்டு 1.9 எடுத்தவரையும் ஒப்பிட்டு யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் வெவ்வேறு கூட்டத்துக்குள் எடுத்த இடங்கள்.

கூட்டம் மாறினால் எல்லாம் மாறும் என்பதை நாடே பார்த்த சம்பவம் 2011 உயர்தரப் பரீட்சை. அந்த முறை பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் தோற்றினார்கள். வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரண்டு கூட்டத்தையும் கலந்து இசட் கணக்கிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணக்கு செல்லாது என்றும் இரு கூட்டத்துக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றும் தீர்ப்பானது. சூத்திரத்தில் பிழை இருக்கவில்லை. யாரை யாரோடு நிறுத்திப் பார்ப்பது என்பதில்தான் பிழை.

மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி உண்டா?

இல்லை. தமிழ் மொழிமூலம் எழுதியவரும் சிங்களத்தில், ஆங்கிலத்தில் எழுதியவரும் பாடத்துக்குள் ஒரே கூட்டம்தான். ஆனாலும் இந்தக் கேள்வி நம் வீடுகளில் சாகவில்லை. சாகாததற்குக் காரணம் இருக்கிறது.

1970இல் வந்த ஆட்சி, 1971ஆம் ஆண்டு அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு தகைமைப் புள்ளி வைத்தது. மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 வேண்டியிருந்தது. சிங்கள மொழிமூலத்துக்கு 229 போதுமாக இருந்தது. பிறகு 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அன்றுவரை விஞ்ஞான பீடங்களில் பலமாக நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பேரிடி. பின்னாளைய அரசியலில் அது என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் போனது. மாவட்ட ஒதுக்கீடு மட்டும், விகிதம் மாறி மாறி, இன்றுவரை நிற்கிறது.

இதில் ஒரு சொல் விளையாட்டு ஒளிந்திருக்கிறது. புள்ளிவிபரவியலில் இசட் கணக்கும் ஒரு தரப்படுத்தல்தான். பாடநூலில் அதற்கு அதே பெயர். 70களின் தரப்படுத்தல் பிள்ளை எந்த மொழியில் எழுதினார் என்று பார்த்தது. இசட் தரப்படுத்தல் எந்தப் பாடம் எழுதினார் என்று பார்க்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய காயம் புதிய கணக்கின்மேலும் சந்தேகத்தை இறக்கிவிடுகிறது. அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று கொழும்பில் தமிழில் படிக்கும் பிள்ளையின் வழியில் நிற்பது மொழி அல்ல, மாவட்டம்.

40, 55, 5

மருத்துவம், முகாமைத்துவம், கணினி போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் இடங்கள் மூன்று கூடையாகப் பிரிக்கப்படும். (கலைத்துறையின் சில பாடநெறிகள் போல, அகில இலங்கைத் திறமையை மட்டும் பார்ப்பவையும் உண்டு. கைந்நூலில் அந்தப் பட்டியல் தனியாக இருக்கும்.)

1. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை. மாவட்டமே பார்ப்பதில்லை. நாடு முழுவதும் இசட் வரிசையில் மேலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்கள்.
2. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு. 25 மாவட்டத்துக்கும் சனத்தொகை விகிதப்படி பகிர்வார்கள். முதல் கூடையில் இடம் கிடைக்காதவர்கள் இங்கே தத்தம் மாவட்டத்துக்குள் போட்டியிடுவார்கள்.
3. 5 சதவீதம் வரை, கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்றும், நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டையும் இதில் அடங்கும்.

கொழும்பு அந்தப் பதினாறில் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது எண்ணைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 2,000 இடம் என்று வையுங்கள். 800 திறமைக்கு. 1,100 மாவட்டங்களுக்கு. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இரண்டு கோடியே மூன்றரை லட்சம் பேர். கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சம், அதாவது 11.4 சதவீதம். ஆக, 1,100இல் கொழும்பின் பங்கு சுமார் 125. யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 31. முல்லைத்தீவுக்கு 5.

"கொழும்புக்கு 125, முல்லைத்தீவுக்கு 5தானா? அப்படியென்றால் அநியாயம் முல்லைத்தீவுக்குத்தானே?" என்று இந்த இடத்தில் கேட்கலாம். எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த இடத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு தயாரிப்போடு வருகிறார்கள் என்பதும் வேண்டும். கொழும்பு மாவட்டத்தில் பெரிய பாடசாலைகள், அதைவிடப் பெரிய ரியூசன் வகுப்புகள், அனுபவமுள்ள ஆசிரியர்கள், போதாததற்கு வேறு மாவட்டங்களிலிருந்து இங்கே படிக்க வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள். பங்கீடு சனத்தொகையைப் பார்த்து நடக்கிறது, போட்டியாளரின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அதனால் 125 இடத்துக்கு 1.9, 1.8 என்று வரிசை நீளமாக நிற்கும். ஆய்வுகூடமே ஒழுங்காக இல்லாத பாடசாலைகள் உள்ள மாவட்டத்தில் ஐந்து இடத்துக்கான வரிசை சீக்கிரம் கீழே இறங்கிவிடும். தொடக்கத்தில் பார்த்த மச்சாளின் 1.6 மருத்துவத்துக்குப் போனதும் கொழும்பின் 1.9 வெளியே நின்றதும் இந்த வழியால்தான்.

இது நியாயமா? என் கணிப்பில், விதியின் நோக்கம் சரி; பார்க்கும் அலகுதான் மொட்டையாக இருக்கிறது. மாவட்டம் என்பது பெரிய பெட்டி. கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே கொழும்பு 7இன் பெயர்பெற்ற பாடசாலைப் பிள்ளையும், மட்டக்குளியில் ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகளுக்கு நடுவே படிக்கும் பிள்ளையும் ஒரே கூடையில் கிடக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டத்தின் நகரப் பாடசாலைக்கும் அதே மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைக்கும் உள்ள இடைவெளியும் இந்தக் கணக்கில் தெரியாது.

மாவட்டம் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினால் என்ன என்று யோசிப்போருக்கு: பொதுவாக உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே பார்க்கப்படும். பரீட்சை மண்டபம் இருந்த ஊர் கணக்கில் வராது. கடைசி ஆண்டில் சித்தப்பா வீட்டுக்குப் போய்த் தங்குவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெட்டுப்புள்ளி எப்படி விழுகிறது

எல்லாக் குழப்பத்தினதும் மையம் இதுதான். "இந்த ஆண்டு வெட்டுப்புள்ளியை ஏற்றிவிட்டார்கள்" என்று பேசுகிறோம். யாரோ ஓர் அதிகாரி வார்ட் பிளேஸில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணைத் தீர்மானித்தது போல. அப்படி யாரும் தீர்மானிப்பதில்லை. ஒரு பாடநெறிக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி எதுவோ, அதுதான் அந்தக் கட்டத்தில் அச்சாகும் வெட்டுப்புள்ளி. ஆட்களை எடுத்து முடித்த பிறகு கிடைக்கும் எண் அது.

அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே பாடநெறிகள், பக்கத்தில் மாவட்டங்கள், நடுவே நாலு தசமத்தில் எண்கள். சில கட்டங்களில் எண் இருக்காது, "என்.கியூ.சி." என்று மட்டும் இருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து அந்தப் பாடநெறிக்குத் தகுதியான விண்ணப்பதாரர் இல்லை என்று அதற்கு அர்த்தம். வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே போடும் கோடாக இருந்தால், அங்கேயும் ஒரு எண் இருந்திருக்க வேண்டுமே.

கடைசி ஆளின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி என்று புரிந்துகொண்டால் வேறு சிலதும் புரியும். கொழும்பு மருத்துவ பீடத்தின் எண் மற்ற மருத்துவ பீடங்களைவிட மேலே நிற்பதற்குக் காரணம் அங்கே பாடம் கடினம் என்பதல்ல. கூடிய புள்ளி எடுத்தவர்களில் நிறையப் பேர் அதை முதல் விருப்பமாக எழுதுகிறார்கள், அவ்வளவுதான். நாளைக்கு அவர்கள் எல்லோரும் வேறு பீடத்தை முதலில் எழுதினால் கொழும்பின் எண் இறங்கும். பழைய பெயர், தேசிய வைத்தியசாலை, தலைநகர், வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற வசதி: இவையெல்லாம் சேர்ந்து விருப்ப வரிசையாகி, விருப்ப வரிசை வெட்டுப்புள்ளியாகிறது.

அப்படியானால் பிள்ளையின் கையில் மீதி இருப்பது எது?

பரீட்சை முடிந்தது, இசட் வந்துவிட்டது, மாவட்டத்தையும் மாற்ற முடியாது. மீதி இருப்பது விருப்ப வரிசை மட்டும்தான். ஒவ்வொரு பாடநெறியும் அது நடக்கும் பல்கலைக்கழகமும் சேர்ந்து யுனி-கோட் எனப்படும் ஒரு குறியீடாக வரும். கொழும்பில் மருத்துவம் ஒரு குறியீடு, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இன்னொன்று. இவற்றை எந்த ஒழுங்கில் எழுதுகிறோமோ அந்த ஒழுங்கில்தான் பார்ப்பார்கள்.

இங்கே குடும்பங்கள் செய்யும் வழமையான பிழை, "கிடைக்காததை முதலில் எழுதினால் முதல் விருப்பம் வீணாகும்" என்று பயந்து, கிடைக்கக்கூடியதை மேலே ஏற்றுவது. மேசையில் கைந்நூலை விரித்து, போன ஆண்டு வெட்டுப்புள்ளியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மாமாவும் ரியூசன் ஆசிரியரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, கடைசியில் பிள்ளைக்கு எது வேண்டும் என்பது மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும். முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். இரண்டாவதிலும் அதே இசட் புள்ளியோடுதான் நிற்பீர்கள். முதலில் எழுதியதற்காகத் தண்டனை எதுவும் இல்லை. மாறாக, கிடைக்கக்கூடியதை மேலே எழுதினால் அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே எழுதிய ஆசையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே:

1. உண்மையாக விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள். போன ஆண்டு எண்ணை வைத்து வரிசையை மாற்ற வேண்டாம். அந்த எண் போன ஆண்டுக் கூட்டத்தினுடையது.
2. பட்டியலை நீளமாக வையுங்கள். மேலே ஆசை, நடுவே நியாயமான எதிர்பார்ப்பு, கீழே கிடைத்தால் மகிழ்வோடு படிக்கக்கூடியவை.
3. கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை எழுதவே வேண்டாம். ஒரு பாடநெறிக்குப் பதிவுசெய்துவிட்டால், அடுத்த ஆண்டு கூடிய இசட் எடுத்து மறுபடி விண்ணப்பிக்கும் வழி அடைபடும். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால், இன்னொரு முறை எழுதுவதா, கிடைத்ததை எடுப்பதா என்ற முடிவு பதிவுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.
4. ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் பீடம் இருக்கும் ஊரையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பிட்டிபனையையும் ஹொரணையையும் மேலே சொன்னது அதற்குத்தான்.

சட்டம் பற்றித் தனியாக ஒரு வரி. அதற்கு எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், அரச சட்ட பீடங்களோ கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று சில இடங்களில்தான் உள்ளன. வர்த்தகப் பிரிவிலும் கலைப்பிரிவிலும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் பலர் அங்கே வந்து மோதுவதால் வெட்டுப்புள்ளி உயரத்தில் நிற்கும்.

இலண்டன் ஏ.எல். படிக்கும் பிள்ளைகள்

இலண்டன் பாடத்திட்டத்தில் உயர்தரம் எழுதுவோர் கொழும்பில் பெரிய கூட்டம். அவர்களுக்கு அரச பல்கலைக்கழகம் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் சிறியது. இசட் புள்ளி உள்ளூர் உயர்தரத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டுத் தகைமைக்கு ஒரு பாடநெறியில் 0.5 சதவீதம் வரை இடம் உண்டு, ஆனால் அது வெளிநாட்டில் இருந்து படித்தவர்களை நினைத்து வைத்தது. பம்பலப்பிட்டியில் இருந்துகொண்டு இலண்டன் பாடத்திட்டத்தில் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. பத்தாம் வகுப்பில் சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றும் முன் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

உள்ளே போன பிறகு

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. 1940களில் வந்த இலவசக் கல்வியின் தொடர்ச்சி அது. ஆனால் கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவு இல்லை என்று ஆகாது. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வரும் பிள்ளைக்கு விடுதி கிடைக்காத ஆண்டுகளில் வெள்ளவத்தையில் போடிங் தேட வேண்டும், சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்க வேண்டும். 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ஆக்கினார்கள். அறை வாடகை கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை எத்தனை நாளுக்கு வரும் என்று தெரியும். கொழும்பு வீட்டுப் பிள்ளைக்கு விடுதி கிடைப்பது கடினம், ஆனால் அவருக்குத் தாயின் சமையல் உண்டு. மாவட்டப் பங்கீட்டில் இழந்ததை இங்கே கொஞ்சம் மீட்டுக்கொள்கிறார்.

மொழிமூலம் அடுத்த திருப்பம். பதின்மூன்று ஆண்டு தமிழில் படித்த பிள்ளை மருத்துவ பீடத்தின் முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். விஞ்ஞானம், முகாமைத்துவம், கணினியும் அப்படித்தான். கலைப்பீடத்தில் பாடத்துக்குப் பாடம் மாறும். விருப்பப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் சும்மா கிடக்கின்றன. அந்த மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிட்டவர்களுக்கு முதலாம் ஆண்டு அவ்வளவு வலிக்காது.

பகிடிவதை குறித்து ஒன்று மட்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், மரபு என்று சொல்லித் தப்ப முடியாது.

பட்டியல் வெளியான பிறகும்

வெளியாகும் வெட்டுப்புள்ளி முதல் சுற்றினுடையது. இடம் கிடைத்தவர்களில் எல்லோரும் பதிவுசெய்வதில்லை. ஒருவர் வெளிநாடு போவார், ஒருவர் மறுபடி எழுதத் தீர்மானிப்பார், இன்னொருவர் கடைசித் திகதியைத் தவறவிடுவார். அந்த வெற்றிடங்களை அடுத்து நிற்பவர்களைக் கொண்டு நிரப்புவார்கள். அப்போது கடைசி ஆள் மாறுவார், எண்ணும் சற்றுக் கீழே இறங்கும். முதல் பட்டியலில் நூலிழையில் தவறிய பிள்ளை விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் இடைக்கிடை திறந்து பார்க்க வேண்டும். இடம் கிடைத்த பிள்ளையோ, பதிவுக்கான கடைசித் திகதியை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். அந்தத் திகதி போனால் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும்.